ஐந்து சிட்டிகை உப்பு

ஜப்பானில், எங்கள் தொயாமாவில் ஆசிரியரை உட்கார வைத்து யாரும் பாடம் நடத்த மாட்டார்கள். நம்மையே வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டு, முப்பது நாற்பது ஆசிரியர்கள் விருந்தினர் செருப்பை மாட்டிக்கொண்டு சுவரோரமாக நின்று பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு குழந்தை. அந்தக் குழந்தை எத்தனை மணிக்குப் பென்சிலை எடுத்தது, எப்போது கொட்டாவி விட்டது, பக்கத்துப் பையனிடம் என்ன முணுமுணுத்தது, எல்லாம் நிமிடக் கணக்கில் எழுதப்படும். பிறகு ஒரு அறையில் கூடி, அந்த முக்கால் மணி நேரப் பாடத்தை இரண்டு மணி நேரம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள். இதற்கு ஆய்வுப் பாடம் என்று பெயர். இருபத்து மூன்று வருட வேலையில் மற்றவர்களின் பாடத்தை எத்தனையோ முறை பிரித்திருக்கிறேன். வாய் சும்மா இராது எனக்கு. அந்த நவம்பரில் என் முறை வந்தது.

முறை வந்தது என்று சொல்வது பொய். நானே கேட்டு வாங்கினேன்.

வருடத்துக்கு ஒருவரை எங்கள் வட்டாரத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். சம்பளம் உண்டு, வகுப்பு கிடையாது. ஒரு வருடம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கலாம். நான் மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் கிடைக்கவில்லை. நாற்பத்தேழு வயது தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வருடம், ஏழு மாதம். பரிந்துரை எழுதும் கல்வி அலுவலக வழிகாட்டி குவபாரா நவம்பர் ஆய்வுப் பாடத்துக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று தலைமையாசிரியை இகராஷி சொன்னபோது, நான் கையைத் தூக்கிவிட்டேன். அந்த ஒரு வருடத்துக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தும் விட்டேன்.

ஐந்தாம் வகுப்புப் பாடம். உப்பைத் தண்ணீரில் கரைத்தால் எடை குறையுமா, குறையாதா? கரைப்பதற்கு முன்னால் தண்ணீர், பாத்திரம், உப்பு, உப்பு வைத்த காகிதம் எல்லாவற்றையும் சேர்த்து நிறுக்க வேண்டும். கரைத்த பிறகும் எல்லாவற்றையும் நிறுக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் உப்பு எங்கேயும் போகவில்லை என்று குழந்தைகள் வாயாலேயே வர வேண்டும். அழகான பாடம்.

ஒத்திகையாக அதைப் பக்கத்து வகுப்பில் நடத்திப் பார்த்தேன். தொபாஷியின் வகுப்பு அது. தொபாஷி பேஸ்பால் பைத்தியம், அறிவியல் என்றால் ஆறு அடி தள்ளி நிற்பார், ஆனால் ஆசிரியர் அறையில் எனக்கென்று இருக்கும் ஒரே ஆள் அவர்தான். அவர் வகுப்பில் புதிய தராசுகளைக் கொடுத்தேன். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் தராசு. எட்டுக் குழுவுக்கும் எட்டு விதமாக வந்தது. ஒரு குழு காகிதத்தில் நாலு உப்புக்கல்லை விட்டு அதைக் குப்பையில் போட்டிருந்தது, ஒரு குழு கலக்கும்போது தண்ணீரைத் தெறிக்கவிட்டிருந்தது, ஒரு குழு ஈரக் கையைத் தராசில் வைத்திருந்தது. கடைசியில் கை தூக்கச் சொன்னால் பாதி வகுப்பு, உப்பு கொஞ்சம் காணாமல் போகிறது என்று கை தூக்கியது. மணி அடித்தது. நான் கரும்பலகை முன்னால் திருதிருவென்று நின்றேன்.

"டீச்சர், நல்லாத்தானே போச்சு? பசங்க சண்டை போட்டுக்கிட்டு எவ்வளவு ஜாலியா இருந்தாங்க!" என்றார் தொபாஷி.

"ஜாலியா இருந்து என்ன பண்றது? குவபாரா சார் முன்னாடி இப்படி ஆச்சுன்னா என் மானம் கப்பலேறிடும்."

அன்று மாலை அலமாரியின் கீழ்த்தட்டைக் குடைந்து பழைய தராசுகளை வெளியே எடுத்தேன். அவை முழு கிராமை மட்டும்தான் காட்டும். அரையும் காலும் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. தெறித்த தண்ணீர், சிந்திய உப்பு, ஈரக் கை, எதையும் கண்டுகொள்ளாமல் எட்டுக் குழுவுக்கும் முன்னால் வந்த எண்ணையே பின்னாலும் காட்டும். பாடத் திட்டத்தில் 'குழந்தைகள் எண்ணைப் படிக்க எளிதாக இருக்கும் என்பதால் இத்தராசு தேர்ந்தெடுக்கப்பட்டது' என்று எழுதினேன். பதினாலு பக்கத் திட்டம் அது. குழந்தைகள் என்னென்ன சொல்லக்கூடும், ஒவ்வொன்றுக்கும் நான் என்ன பதில் சொல்வேன் என்று பட்டியல் போடுவது எங்கள் வழக்கம். பதினோரு பதில்களை யோசித்து எழுதியிருந்தேன்.

ஆய்வுப் பாடம் நடக்கும் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஹொரிடா டீச்சர், கல்யாணப் பொண்ணு மாதிரி பட்டினியா?" என்று தொபாஷி வந்து நின்றார். மேசையில் அடுக்கியிருந்த தராசுகளைப் பார்த்தார். "இது பழசாச்சே. புதுசு எங்க போச்சு?"

"இதுல எண்ணு பெருசா தெரியும். பசங்களுக்கு ஈஸி."

அவர் என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். அறிவியல் தெரியாத ஆள்தான். ஆனால் ஒத்திகையில் கூடவே இருந்தவர். "ம்… சரி, சரி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் மற்ற வகுப்புகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் வகுப்பை மட்டும் நிறுத்திக்கொண்டோம். அறிவியல் கூடத்தில் சுவர் தெரியாத அளவுக்கு ஆட்கள். குவபாரா ஜன்னலோரம் நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. தொபாஷிக்குக் கிடைத்த குழந்தை, மூன்றாவது மேசையில் இருந்த இதோஹா. ஒல்லியான பெண். படிப்பில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வகுப்பில் அவள் கை தூக்கி நான் பார்த்ததே இல்லை.

பாடம் வழுக்கிக்கொண்டு போனது. முதல் மேசையில் முன்னால் நூற்று எழுபத்திரண்டு, பின்னால் நூற்று எழுபத்திரண்டு. இரண்டாவது மேசையில் நூற்று அறுபத்தொன்பது, மறுபடியும் நூற்று அறுபத்தொன்பது. எட்டு மேசையும் அப்படியே. ஒவ்வொரு எண்ணைக் கரும்பலகையில் எழுதும்போதும் பையன்கள் கை தட்டினார்கள். எனக்கு உள்ளே ஒரு இனிப்பு பரவியது, அதை மறைக்க மாட்டேன். பதினோரு பதில்களில் ஒன்பது வந்தாயிற்று. இன்னும் எட்டு நிமிடம். முடிவை எழுதச் சொல்லிவிட்டு மேசை மேசையாக நடந்தேன்.

இதோஹா முடிவை எழுதிக்கொண்டிருக்கவில்லை. மிச்சமிருந்த உப்பிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தராசில் போட்டாள். எண் அசையவில்லை. இன்னொரு சிட்டிகை போட்டாள். அசையவில்லை. மூன்று, நான்கு. நோட்டில் ஏதோ எழுதினாள். ஐந்தாவது சிட்டிகையில்தான் ஒன்று கூடியது. அவள் நோட்டில் இரண்டு வரி இருந்தது: 'நாலு சிட்டிகை போட்டாலும் தராசுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் நாலு சிட்டிகை காணாமல் போயிருந்தாலும் அதற்குத் தெரிந்திருக்காது.'

பத்து வயதுப் பெண். என் பதினாலு பக்கத்தையும் இரண்டு வரியில் கிழித்துப் போட்டுவிட்டாள். அவள் இடது கை மேசையிலிருந்து மெதுவாக மேலே எழுந்துகொண்டிருந்தது. தூக்கத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் குனிந்து, மெல்லிய குரலில், "இதோஹா, உப்பை மூடி வைம்மா. எல்லாரும் முடிவு எழுதுறாங்க பாரு," என்றேன்.

கை இறங்கியது. அவள் ரப்பரை எடுத்து இரண்டு வரியையும் அழித்தாள். கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதினாள்: 'கரைந்தாலும் உப்பின் எடை மாறாது.' நான் அடுத்த மேசைக்கு நகர்ந்தேன். பின்னால் தொபாஷியின் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது.

கூட்டம் நூலக அறையில் நடந்தது. விருந்தினருக்கு முன்னால் மட்டும் பச்சைத் தேநீரும், மூங்கில் இலையில் பொதிந்த மீன் சாதமும். எங்கள் கூட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு, அதை யாரும் மாற்றுவதில்லை. முதலில் பாடம் எடுத்தவர் எழுந்து தன் குறைகளைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். பிறகு பார்த்தவர்கள் பேசுவார்கள். கடைசியில் விருந்தினர். விருந்தினர் பேசி முடித்த பிறகு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நன்றி சொல்லி, குனிந்து வணங்கி, நாற்காலியை மடக்க வேண்டியதுதான்.

நான் எழுந்து வழக்கமான குறைகளைச் சொன்னேன். நேரத்தைச் சரியாகப் பங்கிடவில்லை, கேள்விகளில் கூர்மை போதவில்லை. அசலாகவே குறை ஏதும் இல்லாதவர்கள் சொல்கிற குறைகள் அவை. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் குழந்தையைப் பற்றிச் சொன்னார்கள். தொபாஷியின் முறை வந்தது. நான் மடியில் கையைக் கோத்துக்கொண்டேன்.

"இதோஹா முதல்ல தண்ணிய அளந்தா. கலக்குறப்ப பக்கத்துல இருந்த பொண்ணுக்கு உதவி பண்ணா." ஒரு பக்கத்தைப் புரட்டினார். "கடைசில கொஞ்ச நேரம் கவனம் சிதறிடுச்சு, உப்போட விளையாடிக்கிட்டு இருந்தா. ஹொரிடா டீச்சர் பக்குவமா எடுத்துச் சொன்னதும் முடிவை ஒழுங்கா எழுதிட்டா. அவ்வளவுதான்."

அவர் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. என் விண்ணப்பம் அவருக்குத் தெரியும், என் வயது தெரியும். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். எதிரே ஒரு பெண் அதைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் குறிப்புகளையெல்லாம் வருடக் கடைசியில் புத்தகமாகக் கட்டி வைப்போம். இதோஹா, ஐந்தாம் வகுப்பு, கவனம் சிதறியது.

பார்த்தவர்கள் பேசி முடித்ததும் எனக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். நான் எழுந்தேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் கூட்டத்து மொழியில் சொன்னேன்.

"தராசைத் தேர்ந்தெடுத்ததில் என் சிந்தனை போதவில்லை. அந்தக் குழந்தை கவனம் சிதறி விளையாடவில்லை, தராசைச் சோதித்துப் பார்த்தாள். அதைக் கையில் எடுத்துக்கொள்ளும் பக்குவம் எனக்கு இல்லாமல் போனது. மிகவும் வருந்துகிறேன்."

அறை முழுக்கத் தலைகள் பணிவாக ஆடின. ஆயிரம் கூட்டத்தில் ஆயிரம் பேர் சொன்ன மன்னிப்போடு என்னுடையதும் சேர்ந்து கரைந்துபோனது. ஒரு புருவம்கூட உயரவில்லை.

குவபாரா எழுந்தார். நரைத்த தலை, நிதானமான பேச்சு. "நான் இருபது வருஷமா இந்த மாதிரிப் பாடங்களைப் பார்க்கிறேன். எட்டுக் குழுவுக்கும் இவ்வளவு சுத்தமா முடிவு வந்து நான் பார்த்ததில்ல. அதைவிடப் பெருசு ஒண்ணு சொல்றேன். ஒரு குழந்தை விளையாடினதைக்கூட அது விளையாட்டு இல்ல, என் குறைன்னு தன் தலையில் போட்டுக்கிட்டாங்க பாருங்க ஹொரிடா டீச்சர். அதுதான் ஆசிரியர். இந்த மாதிரி ஆளுங்க இன்னும் படிக்கணும். சீக்கிரமே நல்ல செய்தி வரும்."

கை தட்டினார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கிடைத்துவிட்டது. நாலாவது முறை, கடைசி முறை, கிடைத்தேவிட்டது. நான் செய்த வேலையையே எனக்குப் பெருமையாக மாற்றி மாலை போட்டுவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு ஒருமுறை குனிந்தால் போதும்.

தலைமையாசிரியை நன்றி சொல்ல எழுந்தபோது நானும் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

"ஒரு நிமிஷம்," என்றேன்.

விருந்தினர் பேசிய பிறகு யாரும் பேசியதை அந்த அறை கேட்டதில்லை. நாற்காலியில் கை வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"நான் பணிவுக்காகச் சொல்லல. நிஜமாவே சொன்னேன். புதுத் தராசு அலமாரில இருக்கு. அதை வெச்சா முடிவு எட்டு விதமா வரும்னு எனக்குத் தெரியும், தொபாஷி சார் வகுப்புல வந்துச்சு. அதனால தெரிஞ்சேதான் இந்தக் குருட்டுத் தராசை எடுத்தேன். எண்ணைப் படிக்க ஈஸின்னு திட்டத்துல எழுதினது பொய். முப்பது குழந்தைகள்ல ஒருத்தி அதைக் கண்டுபிடிச்சா. அவ கையைத் தூக்கப் போனப்ப நான் நிறுத்தினேன். நீங்க எல்லாரும் இருக்கீங்கங்கிறதுக்காக நிறுத்தினேன். அவளோட பேருக்கு நேரா கவனம் சிதறியதுன்னு எழுதாதீங்க. தயவுசெஞ்சு எழுதாதீங்க."

தலைமையாசிரியை மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தொபாஷி இருமினார். எழுந்து நின்று தன் குறிப்பு அட்டையை விரித்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் வாசிக்காம விட்டதை வாசிக்கிறேன்," என்றார். "ரெண்டு மணி ஏழு நிமிஷம், முதல் சிட்டிகை. எண் மாறல. ரெண்டு எட்டு, ரெண்டாவது, மூணாவது. மாறல. ரெண்டு ஒன்பது, நாலாவது. மாறல. நோட்டுல ரெண்டு வரி எழுதறா. ரெண்டு பத்து, அஞ்சாவது. ஒண்ணு கூடுது. கை பாதி தூக்கறா. டீச்சர் குனிஞ்சு ஏதோ சொல்றாங்க. ரெண்டு பதினொண்ணு, அழிக்கிறா." அட்டையை மூடினார். "அந்த ரெண்டு வரியையும் நான் அப்படியே காப்பி பண்ணி வெச்சிருக்கேன். எனக்கு அறிவியல் தெரியாது. ஆனா இன்னைக்குப் பாடத்துல நடந்ததே இந்த அஞ்சு நிமிஷம்தான்னு எனக்கே புரிஞ்சுது. மன்னிச்சிடுங்க."

குவபாரா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "நேரமாகிவிட்டது," என்று மட்டும் வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரிச் சொல்லிவிட்டு எழுந்தார். மீன் சாதப் பொதியை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நாற்பது பேர் முன்னால் அவர் புகழ்ந்த பாடத்தை நான் அவர் கண்ணெதிரே கிழித்திருந்தேன்.

தராசுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை வந்தார்.

"ஏன் டீச்சர் இப்படி? அப்புறமா தனியா வந்து சொல்லியிருந்தா நான் அந்தக் குறிப்பை மாத்தியிருப்பேனே."

"தெரியும் மேடம்."

"இந்த வருஷம் உங்க பேரு போகாது. புரியுதுல்ல?"

"புரியுது."

புரிந்ததே தவிர, தாங்க முடியவில்லை. காரில் உட்கார்ந்து அழுதேன். பெருமை, நிம்மதி என்றெல்லாம் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு வருடம் போய்விட்டது என்ற துக்கம் மட்டும்தான் இருந்தது. தொபாஷி கண்ணாடியைத் தட்டி, அந்த மீன் சாதப் பொதியை உள்ளே நீட்டினார்.

"சாப்பிடுங்க. நீங்க சம்பாதிச்சதுதான்."

"போங்க சார். நீங்களும் உங்க கருணையும்."

"நான் பண்ணினதுக்கு நாளைக்குத் திட்டுங்க. இன்னைக்குச் சாப்பிடுங்க."

திங்கட்கிழமை முதல் பாடவேளையிலேயே அறிவியல் கூடத்துக்கு வகுப்பை அழைத்துப் போனேன். சுவரோரம் யாரும் இல்லை. மேசைகளில் புதிய தராசுகளை வைத்திருந்தேன். ஆரம்பிப்பதற்கு முன்னால் எல்லோரையும் உட்காரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பெரியவர்கள் முன்னால் பேசியதே இதைவிடச் சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை கொடுத்த தராசு சின்ன வித்தியாசத்தைக் காட்டாது. அது எனக்கு முன்னாடியே தெரியும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வரணும்னு அதைக் கொடுத்தேன். இதோஹா அதைக் கண்டுபிடிச்சா. நான் அவளைச் சொல்லவிடல."

கடைசி மேசைப் பையன் ஒருவன் கண்ணை அகல விரித்தான். "டீச்சர், நீங்க ஏமாத்தினீங்களா?"

"ஆமா."

"அப்ப நாங்க கை தட்டினது?"

"அதுவும் வேஸ்ட்தான்."

சிரிப்பும் கூச்சலுமாக ஆனது. இதோஹா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் தண்ணீர் அளக்கப் போன பிறகு அவள் மேசைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொபாஷி காப்பி செய்து வைத்திருந்த இரண்டு வரியையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடாமல் படித்தாள்.

"நான் எழுதினது சரியா டீச்சர்?"

"சரி. ரொம்பச் சரி."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்தான்.

"அப்ப ஏன் டீச்சர் மூடி வைன்னு சொன்னப்ப அவ்வளவு அன்பா சிரிச்சீங்க? உங்க சிரிப்பைப் பார்த்துத்தான் நான் எழுதினது தப்புன்னு நினைச்சேன்."

நான் சிரித்தது எனக்கு ஞாபகமே இல்லை. இருபத்து மூன்று வருடத்தில் அப்படி எத்தனை குழந்தைகளைப் பார்த்துச் சிரித்திருப்பேன்? இதோஹா பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு, தண்ணீர் எடுத்துவர எழுந்து போனாள்.